சூடறி கோல்

சென்னை மாநகரின் தென்புறத்தே பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம், பெருங்களத்தூர் என அடுத்தடுத்துக் கிடக்கும் ஊர்கள் இன்று ஒன்றோடொன்று கலந்து ஒரே நகரம்போல் காட்சியளிக்கின்றன. 1931-ஆம் ஆண்டிலேயே கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியமையால், மின்விசை இவ்வூர்களுக்குப் புதிதன்று. ஆயினும் வண்டியை இழுத்த அவ்விசை அடுக்களைக்குள் புகுந்து, ரொட்டியும் கேக்கும் சுட்டுத் தரும் பணியை மேற்கொண்டது அண்மைக் காலத்தில்தான். மார்கழி மாதத்தில் இப்பகுதியின் தெருக்களில் நடந்து செல்வோர், கிராம்பும் ஏலமும் வெண்ணெயும் கலந்த நறுமணம் சில வீடுகளிலிருந்து வருதலை உணரலாம். கிறிஸ்துமஸ் கேக்கைத் தம் இல்லத்தாருக்கு மட்டுமன்றி, அண்டை அயலார் கேட்டவாறு செய்து கொடுத்துப் பொருள் ஈட்டும் மகளிரும் இங்கு உளர். அவர்களுடைய வருவாய் முழுதும் ஒரு சிறு பெட்டியின் உள்ளே நிலவும் சூட்டைப் பொறுத்தது. அச்சூடு பத்து டிகிரி குறையுமாயின் கேக்கின் நடுப்பகுதி அமிழ்ந்துபோகும். மிகுமாயின் மேற்புறம் கருகி உட்புறம் மாவாகவே நிற்கும்.

அப்பெட்டியை மின்சூட்டடுப்பு எனத் தமிழிற் கூறுதல் பொருந்தும். எனினும் மக்கள் வழக்கில் அதற்கு ஓவன் என்பதே பெயர். சொல்லின் ஈறு ஆண்பாற் பெயர்போல் ஒலிப்பினும் பொருள் அஃறிணையே என்பதை மாணவர் மறவாதிருப்பாராக! இப்பெயரால் இருவேறு கருவிகள் அழைக்கப்படுதலால் தொடக்கத்திலேயே ஓர் எச்சரிக்கை கூறுதல் இன்றியமையாதது. மைக்ரோவேவ் ஓவன் என்பது நுண்ணலைகளால் உணவைச் சூடாக்குவது. அதனுள் சில ஆயிரம் வோல்ட்டு மின்னழுத்தம் பயில்கின்றது; பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் அதன் மின்தேக்கியில் உயிரைப் பறிக்கத்தக்க மின்னூட்டம் தங்கியிருத்தல் கூடும். அதன் உறையைக் கழற்றிப் பார்த்தல் தேர்ந்த தொழிலாளர்க்கே உரியது. இல்லத்தார் எவரும் அதனை முயலுதல் ஆகாது. இங்கு விளக்கப்படுவது, கம்பியைக் காய்ச்சி அதன் வெம்மையால் உணவைச் சுடும் மற்றோர் ஓவனைப் பற்றியதேயாகும்.

இவ்வோவனில் இன்றியமையாத உறுப்புகள் மூன்று. வெப்பத்தை உண்டாக்கும் கம்பி ஒன்று. அவ்வெப்பத்தை அறியும் உணரி ஒன்று. சென்சார் என்று கடைக்காரர் கூறுவது இதனையே. உணரி தெரிவிப்பதைக் கொண்டு கம்பிக்கு மின்சாரம் விடுவதும் நிறுத்துவதுமாகிய கட்டுப்படுத்தும் பகுதி மற்றொன்று. தொல்காப்பியனார் மரபியலில் உயிர்களை அறிவின் அளவால் வகுக்குமிடத்து, தொடுவுணர்ச்சி ஒன்றே உடையவற்றை ஓரறிவுயிர் என வைத்துப் புல்லும் மரமும் அவ்வகையின என்று கூறினார். ஓவனின் உணரிக்கும் அவ்வோர் அறிவே உண்டு. தன்னைத் தீண்டும் காற்று எவ்வளவு சூடாயிருக்கின்றது என்பதே அது அறியும். கேக்கு வெந்ததா என்பதனை அஃது அறியாது.

மின்சாரம் இல்லாத காலத்தில் ரொட்டி சுடுவோர் இவ்வறிவைத் தம் மெய்யையே கருவியாகக் கொண்டு பெற்றனர். விறகடுப்பின் வாயிலுள் கையை நீட்டி, எத்துணை நொடி பொறுக்க முடிகின்றது என எண்ணிச் சூட்டை மதித்தனர். அடுப்பின் தரையில் சிறிது மாவைத் தூவி, அது பொன்னிறம் அடைய எடுத்துக்கொள்ளும் காலத்தைக் கொண்டும் அளந்தனர். பதினேழாம் நூற்றாண்டில் டிரெபெல் என்னும் டச்சு அறிஞர், பாதரசத்தின் விரிவைக் கொண்டு தானே காற்றுவாயிலைத் திறந்து மூடும் உலை ஒன்றை அமைத்தார். 1830-இல் ஆண்ட்ரூ யூர் என்னும் ஸ்காட்லாந்து நாட்டார் இரு உலோகத் தகடுகளாலான சூடுகட்டுப்படுத்தி ஒன்றிற்குக் காப்புரிமை பெற்றார். தெர்மாஸ்டாட் என்ற பெயரை வழங்கியவரும் அவரே.

யூர் கண்ட முறை இன்றும் வழக்கில் உள்ளது. கையால் திருகும் குமிழ் உடைய சிறு ஓவன்கள் பலவற்றில், வேறுவேறு அளவில் விரியும் இரு உலோகங்களை ஒட்டிய தகடு ஒன்று இருக்கும். சூடேற ஏற அத்தகடு வளைந்து மின்தொடர்பை விலக்கிவிடும். ஆறியதும் நிமிர்ந்து மீண்டும் சேர்க்கும். ஓவன் வேலை செய்யும்பொழுது இடையிடையே எழும் 'டிக்' என்னும் ஓசை இதனால் வருவதே. வேறு சிலவற்றில் செம்பாலான சிறு குமிழ்க்குழல் ஓவனுக்குள் நிற்கும். அதனுள் அடைத்த நீர்மப் பொருள் சூட்டால் விரிந்து, மயிரிழை போன்ற நுண்குழாய் வழியே சென்று, ஒரு சவ்வைத் தள்ளித் தொடர்பை அறுக்கும். எண்கள் ஒளிரும் முகப்புடைய பெரிய ஓவன்களிலோ பிளாட்டினக் கம்பி பொதிந்த மெல்லிய கோல் ஒன்று பின்சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். பிளாட்டினம் சூடாகுந்தோறும் அதன் மின்தடை ஒழுங்காக உயர்தலால், தடையை அளந்து சூட்டைக் கணக்கிடலாம். 1887-இல் காலண்டர் என்னும் ஆங்கில அறிஞர் இம்முறையைத் திருத்தமுறச் செய்து காட்டினார்.

ஓவன் சரிவரச் சுடாதபொழுது, 'சென்சார் கெட்டது' என்று கூறிவிடுதல் எளிது. பழி எப்பொழுதும் உணர்ந்து சொல்பவன்மேலேயே விழுகின்றது! ஆனால் உண்மையை ஆராயப் புகுவோர், சூடு குறைவாக உள்ளதா, அன்றி உணரி பிழையாகக் கூறுகின்றதா என இவ்விரண்டையும் முதலிற் பிரித்தறிதல் வேண்டும். அதற்கு வேண்டுவது ஓவனுக்குள் வைக்கத்தக்க ஒரு சிறிய வெப்பமானி. காய்ச்சலுக்கு வைக்கும் வெப்பமானியை இதற்குப் பயன்படுத்தலாகாது, அது வெடித்துவிடும். ஓவனுக்குரிய வெப்பமானியை நடுத்தட்டின் நடுவே நிறுத்தி, 180 டிகிரி செல்சியஸ் எனக் குறிப்பிட்டு, அரை மணி நேரம் பொறுத்து, கதவைத் திறவாமல் கண்ணாடி வழியே நோக்கிப் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை நான்கைந்து அளவுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். சூடு ஒரே நிலையில் நில்லாது. கம்பி எரிந்தும் அணைந்தும் வருதலால் பத்துப் பதினைந்து டிகிரி ஏறியிறங்குதல் இயல்பே. ஆகவே ஓர் அளவை மட்டும் கண்டு முடிவு கட்டாமல், எல்லாவற்றின் சராசரியையும் எடுக்க வேண்டும். அச்சராசரி 180-க்கு அண்மையில் இருப்பின் ஓவன் குற்றமற்றது.

வெப்பமானி இல்லாதார்க்குச் சர்க்கரை துணைபுரியும். தூய வெள்ளைச் சர்க்கரை ஏறத்தாழ 186 டிகிரியில் உருகுவது. நன்கு சூடேறிய ஓவனில் ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையைச் சிறு தகட்டில் வைத்து, 175 டிகிரியில் கால் மணி நேரம் விட்டால் அது உருகலாகாது. 190 டிகிரியில் உருக வேண்டும். முன்னதில் உருகினால் ஓவன் மிகைச் சூடுடையது. பின்னதில் உருகாவிடின் குறைச் சூடுடையது.

இவ்வாறு அளந்து அறிதலின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். சேலையூரில் ஒரு வீட்டில் தாய் கேக்குச் செய்து விற்பவர். மகள் மேல்நிலைப் பள்ளியில் பயில்பவள் எனக் கொள்வோம். சித்திரை மாதத்தில் அடுத்தடுத்து நான்கு கேக்குகள் நடுவில் அமிழ்ந்துபோயின. பிறந்தநாளுக்கெனக் கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர நேர்ந்தது. பழுது பார்ப்பவர் வந்து நோக்கி, "சென்சார் போய்விட்டதம்மா, புதிது போட்டால்தான் சரியாகும்" என்றார். மகளோ முன்னிரு நாட்களும் வெப்பமானி வைத்துக் குறித்த தாளை எடுத்துவந்து, "அண்ணா, காலையில் பதினைந்து நிமிடத்தில் 180 வந்துவிடுகிறது. மாலை ஏழு மணிக்கு அதே பதினைந்து நிமிடத்தில் 140-தான் காட்டுகிறது. அரை மணி ஆனால் அப்போதும் 180 வருகிறது. சென்சார் மாலையில் மட்டுமா கெடும்?" என வினவினாள். அவர் சற்றே சிந்தித்து, குளிர்பதனக் கருவியின் ஸ்டெபிலைசர் முகப்பை நோக்கினார். அதில் 190 என்னும் எண் தோன்றியது. காலையில் அவ்வெண் 230 ஆக இருந்ததைத் தாயும் நினைவுகூர்ந்தார். உணரியில் குறையில்லை; வந்த மின்னழுத்தத்திலேயே குறை இருந்தது.

நம் நாட்டில் வீடுகளுக்கு வழங்கும் மின்னழுத்தம் 230 வோல்ட்டு. கோடை மாலையில் தெருவிலுள்ள வீடுகளிலெல்லாம் குளிர்பதனக் கருவிகள் ஒருங்கே ஓடத் தொடங்கினால், மின்மாற்றியிலிருந்து தொலைவிலுள்ள வீடுகளில் அழுத்தம் தாழும். அழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைந்தால் வெப்பமும் ஆறில் ஒரு பங்குதானே குறையும் எனச் சிலர் கருதுவர். அது தவறு. கம்பியில் பிறக்கும் வெப்பம் அழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப அமைவது. 230 வோல்ட்டில் 1,500 வாட்டுத் தரும் ஓவன், 190 வோல்ட்டில் ஏறத்தாழ 1,020 வாட்டே தரும். மூன்றில் ஒரு பங்கு வெப்பம் போய்விட்டது! இத்தகைய ஓவன் 180 டிகிரியை எட்டாமற் போவதில்லை, காலந்தாழ்த்து எட்டும். கடிகாரத்தைப் பார்த்து மாவை உள்ளே வைத்தவருக்கு அத்தாமதம் தெரியவில்லை. மாவு பொங்கி எழுவதற்கு வேண்டிய வெம்மை தொடக்கத்தில் கிட்டாமையால் கேக்கு அமிழ்ந்தது. புதிய உணரியை மாற்றியிருப்பினும் மறுநாள் மாலையும் அவ்வாறே அமிழ்ந்திருக்கும்.

இனி உணரியே ஐயத்திற்குரியதாயின் அதனையும் அளந்து பார்த்தல் கூடும். பிளக்கைப் பிடுங்கி, ஓவன் முற்றும் ஆறிய பின்னர், பெரியோர் ஒருவர் உடனிருக்க, உணரியின் இணைப்பைக் கழற்றி மல்டிமீட்டரால் தடையைக் காண வேண்டும். பெரிய ஓவன்களிற் பெரும்பான்மையாக வரும் பிளாட்டின உணரி, 0 டிகிரியில் 1,000 ஓம் தடையுடையது. 100 டிகிரியில் 1,385 ஓம் ஆகும். டிகிரி ஒன்றிற்கு ஏறத்தாழ நான்கு ஓம் உயரும் என நினைவிற் கொள்ளலாம். இங்கு ஒரு நுட்பம் உண்டு. குளிர்நாடுகளில் அச்சிட்ட கையேடுகள், அறையின் வெப்பநிலையில் உணரி 1,080 ஓம் அளவில் இருத்தல் வேண்டும் எனக் கூறும். அந்நாட்டார் அறை என்பது 21 டிகிரி. 2003-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் 45 டிகிரியைக் கண்டது சென்னை. இங்கே வேனிற்பகலில் அறைக்குள்ளேயே 35 டிகிரி இருத்தல் வியப்பன்று. அச்சூட்டில் நல்ல உணரி 1,136 ஓம் காட்டும். கையேட்டை மட்டும் நம்புபவர், ஐம்பதுக்கு மேற்பட்ட ஓம் மிகுந்துள்ளது எனக் கூறி நல்ல உணரியைக் குப்பையில் எறிவர். அளவுகோலை மட்டுமன்றி, அது வகுக்கப்பட்ட இடத்தையும் நோக்குதல் இன்றியமையாதது.

மீட்டர் எல்லையற்ற தடையைக் காட்டினால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது; தடையே இல்லை என்று காட்டினால் இரு முனைகளும் ஒட்டிக்கொண்டன. இவ்விரண்டும் ஐயத்திற்கிடமில்லாத கேடுகள். பெரும்பாலான ஓவன்கள் அப்பொழுது பிழைக்குறி ஒன்றைக் காட்டிச் சூடேற்ற மறுத்துவிடும். இடைப்பட்ட கேடே ஏமாற்றுவது. கடற்காற்றின் ஈரத்தாலும் உப்பாலும் இணைப்பு முனையில் களிம்பேறி, நாற்பது ஓம் அளவு தடை கூடுதலாகச் சேர்ந்ததென்க. கட்டுப்படுத்தும் பகுதி அதனையும் சூடென்றே எண்ணி, உண்மையில் 170 டிகிரி இருக்கும்பொழுதே 180 வந்துவிட்டது எனக் கம்பியை அணைத்துவிடும். இவ்விடத்து முனையைத் துடைத்து இறுகப் பொருத்துதலே மருந்து. ஒயரை மெல்ல அசைக்கும்பொழுது மீட்டரின் எண் துள்ளுமாயின் நோய் இணைப்பிலேயே உள்ளது என அறியலாம். சிறு ஓவன்கள் சிலவற்றில் தெர்மிஸ்டர் என்னும் வேறுவகை உணரி இருக்கும்; அது சூடாகுந்தோறும் தடை குறையும் தன்மையது. மேற்கூறிய எண்கள் அதற்குப் பொருந்தா.

குமிழ் திருகும் ஓவனில் நேரும் கேடு இதனினும் அஞ்சத்தக்கது. நீர்மப் பொருள் நிறைந்த நுண்குழாய் கசிந்து வற்றுமாயின், அல்லது தொடர்பு முனைகள் தீப்பொறியால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமாயின், மின்சாரம் நில்லாமற் பாயும். சூடு வரம்பின்றி ஏறும். எவ்வளவு நேரமாயினும் 'டிக்' என்னும் ஓசை எழாமல் கம்பி சிவந்தே இருந்தால், உணவைக் காப்பதை விட்டு உடனே மின்சாரத்தை நிறுத்துதல் வேண்டும்.

சூடேற்றும் கம்பியின் நலத்தை அறிவது எளிது. மேற்புறம் சிவந்து அடிப்புறம் வெளுத்திருப்பின் கீழ்க்கம்பி அறுந்தது. அடி கருகி மேற்புறம் வெளுத்திருப்பின் மேற்கம்பி அறுந்தது. 1,500 வாட்டுக் கம்பித்தொகுதி 230 வோல்ட்டுக்கு ஏறத்தாழ 35 ஓம் தடையுடையதாய் இருக்கும். இக்கம்பி பெரும்பாலும் நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் ஆகும். ஆல்பர்ட் மார்ஷ் என்னும் அமெரிக்கர் 1906-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். சிவக்கக் காய்ந்தும் இது எரிந்து போகாமைக்குக் காரணம், குரோமியம் காற்றுடன் சேர்ந்து கம்பியின்மேல் மெல்லிய காப்புப் படலமாக அமைவதே. குரோம்பேட்டைக்குப் பெயர் தந்ததும் இவ்வுலோகமே. அங்கு அமைந்திருந்த குரோம் தோல் தொழிற்சாலையில் குரோமிய உப்பால் தோலைப் பதனிட்டனர். ஊர்ப் பெயரிலும் அடுப்பின் கம்பியிலும் ஒரே பொருள் உறைகின்றது.

கம்பியும் உணரியும் நலமாயிருந்தும் குறை தோன்றுமாயின் சிறு காரணங்கள் பல உண்டு. கதவின் ஓரத்து ரப்பர் பட்டை கிழிந்து வெம்மை வெளியேறலாம். உணரிக்கோல் வளைந்து சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். தூய்மையின் பொருட்டு அடித்தட்டில் பரப்பிய அலுமினியத் தாள் வெப்பத்தைத் தடுக்கலாம். அமெரிக்க நூலில் 350 எனக் கண்டதைச் செல்சியஸ் எனக் கொண்டு குமிழைத் திருப்பியோரும் உளர், அது பாரன்ஹீட் அளவு, செல்சியஸில் 177-தான். மற்றொன்று, 1,500 வாட்டு ஓவன் ஆறரை ஆம்பியர் மின்னோட்டம் கொள்வது. இதனை 6 ஆம்பியர் பிளக்கில் செருகலாகாது. 16 ஆம்பியர் பெரும் பிளக்கே உரியது. சிறு பிளக்கு சூடேறி, கருகி, தொடர்பு தளர்ந்து, ஓவன் விட்டு விட்டு எரியும். அதற்கும் உணரியே பழி சுமப்பதுண்டு!

இனி இப்பகுதியினர் சிறப்பாக அறிய வேண்டியது வெள்ளத்தைப் பற்றியது. 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராசபுரம் முதலிய இடங்களில் வீடுகளுக்குள் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தென்புறநகரில் நீர் சூழ்ந்தது. நீரில் நனைந்த ஓவனை வெயிலில் இரு நாள் வைத்து, வெளிப்புறம் உலர்ந்தவுடன் இயக்கிப் பார்ப்போர் பலர். வெளிப்புறம் உலர்தல் போதாது. சூடேற்றும் கோலில், கம்பிக்கும் அதன் உலோக உறைக்கும் இடையே மெக்னீசியம் ஆக்சைடு என்னும் வெண்பொடி நிரப்பப்பட்டிருக்கும். உலர்ந்துள்ளவரை அது மின்சாரத்தைக் கடத்தாது. அப்பொடியோ ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரமாயின் மின்சாரம் கம்பியிலிருந்து உறைக்கும், உறையிலிருந்து ஓவனின் உடலுக்கும் கசியும். மழைக்காலம் முழுவதும் பயன்படாது கிடந்த ஓவனிலும் இது சிறிதளவு நேர்தல் உண்டு.

கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் மின்சாரத்தை அறுக்கும் காப்புக் கருவி இக்காலத்து வீடுகளில் பொருத்தப்படுகின்றது. ஓவனைப் போட்டவுடன் வீடு முழுதும் இருளுமாயின், அக்கருவி தன் கடமையைச் செய்தது என்பதே பொருள். அதனைத் தொல்லை எனக் கருதி, நீக்கிவிட்டு நேரே ஒயரை இணைத்துத் தருமாறு தொழிலாளரை வேண்டுவோரும் இருக்கின்றனர். ஓர் உயிரின் காவலை ஒரு கேக்கின்பொருட்டு அகற்றும் செயல் அது. எர்த் என்னும் மூன்றாம் முனையை ஒடித்துவிட்டு இருமுனைப் பிளக்கில் செருகுதலும் அதனையே ஒக்கும்.

நனைந்த ஓவனுக்கு உரிய வழி வேறு. மின்தொழிலாளர், மெகர் என்னும் கருவியால் கம்பிக்கும் உறைக்கும் இடையிலுள்ள தடையை அளந்து காண்பார். குறைவாயிருப்பின் கோலைக் கழற்றி மிதமான வெம்மையில் நெடுநேரம் உலர்த்தி மீண்டும் அளப்பார். அப்பொழுதும் உயராவிடின் புதிய கோல் மாற்றுவார். உணரியின் இணைப்பும் கட்டுப்படுத்தும் பலகையும் அப்பொழுதே துடைக்கப்படும். அவர் வந்து அளந்து கூறும்வரை, அவ்வோவன் பிளக்கு நீக்கப்பட்டே இருத்தல் வேண்டும். வீட்டிலுள்ள சிறுவர் எவரும் எடுத்துச் செருகாவண்ணம் அதன் ஒயரைச் சுருட்டிக் கட்டிவைத்தலும் நன்று.